சித்திரை வெயிலில் காற்றை இறக்கலாமா?

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் போன சித்திரையில் அரைமணி நேரம் நின்றிருந்தேன். வேப்பமர நிழல். புகைபிடித்த கம்ப்ரசர். பாதியாக வெட்டிய பேரலில் கலங்கிய தண்ணீர். மணி பன்னிரண்டு இருக்கும். தார் ரோட்டின் மேல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு குடும்பம். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

“அண்ணாச்சி, வெயிலு மண்டையப் பொளக்குது. காத்த ஒரு நாலு கொறச்சே வைங்க. சூட்டுல வெடிச்சிரப் போவுது.”

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் குனிந்தார். வால்விலிருந்து காற்று ‘உஸ்’ஸென்று போகும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிய பிறகு, “எல்லாரும் அப்படியா சொல்லுதாங்க?” என்று கேட்டேன். “சித்திர பொறந்துட்டா பாதிப் பேரு இதத்தான் சொல்லுவாவ” என்றார்.

அந்தக் குடும்பம் நல்லபடியாகத்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அவர் செய்தது பாதுகாப்புக்கு நேர் எதிரானது. வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்த டயர், குறைக்காத டயரைவிட அதிகமாகச் சூடாகும். வெடிக்கிற டயர்களில் பெரும்பாலும் காற்று கூடியிருப்பதில்லை, குறைந்துதான் இருக்கிறது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். நானும் பல வருடம் தலைகீழாகத்தான் நினைத்திருந்தேன்.

முதலில் அவருடைய பயத்தில் எவ்வளவு நியாயம் என்று பார்ப்போம். சூடானால் காற்று அழுத்தம் கூடும் என்பது உண்மை. இதை அளந்து சொன்னவர்களில் முந்தியவர் பாரிஸைச் சேர்ந்த கியோம் அமோந்தோன். சிறு வயதிலேயே காது கேட்கும் திறனை இழந்தவர். அடைத்துவைத்த காற்றைக் குளிர்ந்த நீரிலிருந்து கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுபோனால் அதன் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று 1702 வாக்கில் கண்டார். காற்றின் மூலக்கூறுகள் அடைபட்ட இடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து சுவரில் மோதிக்கொண்டிருக்கின்றன. சூடு ஏறினால் வேகம் கூடுகிறது, மோதல் பலமாகிறது. டயரின் அழுத்தம் என்பது இந்த மோதல்கள் அத்தனையும் சேர்ந்த கணக்கு.

அந்தக் கணக்கை நம் காருக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் வெறும் எண்ணாகச் சொல்வது பிஎஸ்ஐ அளவு. ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு அழுத்தம் என்று பொருள். விடிகாலை 28 டிகிரி சூட்டில் 32 வைத்திருக்கிறோம். நடுப்பகலில் ஓடி ஓடி உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மீட்டர் காட்டுவது 37. ஐந்துதான் கூடியிருக்கிறது. டயரின் பக்கவாட்டைக் குனிந்து படித்தால் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு அச்சிட்டிருக்கும். பல கார் டயர்களில் அது 44 அல்லது 51. அந்த எண்ணே உடையும் எல்லை இல்லை, உடையும் எல்லை அதற்கும் வெகுதூரம் மேலே. நல்ல டயருக்கு 37 ஒரு பொருட்டே அல்ல. வெயிலில் இந்த ஐந்து ஏறும் என்று தெரிந்துதான், டயர் குளிர்ந்திருக்கும்போது 32 வையுங்கள் என்று கார் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சூட்டில் 37 காட்டுவதைப் பார்த்துப் பதறி 32க்கு இறக்கினால் என்ன ஆகும்? மறுநாள் விடிகாலை டயர் ஆறியதும் அதே டயர் 27 அல்லது 28 காட்டும். அன்று நண்பகல் மறுபடி ஒரு கடையில் நிறுத்தி மறுபடி இறக்கினால் இன்னும் கீழே.

சரி, குறைந்தால் என்ன? டயரைச் சூடாக்குவதில் வெயிலைவிடப் பெரிய பங்கு டயருக்கே உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஒரு ரப்பர் பேண்ட் போதும். கொஞ்சம் அகலமானதாக எடுத்து உதட்டில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு சட்டென்று இழுங்கள். உதட்டில் இளஞ்சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே சற்று நேரம் வைத்திருந்து பிறகு தளர்த்துங்கள், குளிரும். இங்கிலாந்தில் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப் இதே போல உதட்டில் வைத்துப் பார்த்து 1805இல் எழுதினார். அம்மை நோயில் குழந்தைப் பருவத்திலேயே பார்வை போனவர் அவர். அமோந்தோனுக்குக் காது கேட்காது, கஃபுக்குக் கண் தெரியாது. டயருக்குள் நடப்பது என்ன என்பதை நமக்கு முதலில் தொட்டுக்காட்டிய இருவர் இவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இழுக்கும்போது ரப்பர் வாங்கிக்கொள்கிற சக்தி முழுவதையும், விடும்போது திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது சூடாக மாறும். கந்தகமும் கரித்தூளும் சேர்த்துக் கெட்டிப்படுத்திய டயர் ரப்பரில் இந்தப் பிடித்தம் இன்னும் அதிகம்.

இப்போது ஓடுகிற டயரை நினைத்துப் பாருங்கள். அது எப்போதும் முழு வட்டமாக இருப்பதில்லை. தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, பக்கச் சுவர் புடைக்கிறது. தரையை விட்டதும் பழைய வடிவுக்கு வருகிறது. சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்குப் பன்னிரண்டு முறை சுற்றும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் டயரின் ஒவ்வொரு இடமும் 29,000 முறை மடங்கி நிமிர்ந்திருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் துளித் துளியாகச் சூடு.

காற்று சரியாக இருந்தால் மடிப்பு ஆழமாக இராது. உண்டாகிற சூட்டை ஓடும்போது அடிக்கிற காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஆழமாக மடங்கும். உண்டாகும் சூடு, போகிற சூட்டைவிடக் கூடிவிடும். ரப்பர் சூட்டைக் கடத்துவதில் படுமோசம், ஆகவே அது உள்ளுக்குள்ளேயே தங்கிப் பெருகும். ஒரு கார் டயரை வெட்டிப் பார்த்தால் அது ஒரே ரப்பர்த் துண்டு இல்லை. நூலிழைத் துணி, எஃகுக் கம்பிப் பட்டை, ரப்பர் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் அந்த ஒட்டு தளரும். வெளியே தெரியாமல் உள்ளே அடுக்கு விட்டுப்போகும். கடைசியில் ஒருநாள், வெயில் உச்சியில், வண்டி நிறைய ஆளோடு, நல்ல வேகத்தில் போகும்போது பிய்த்துக்கொண்டு கிளம்பும். பார்க்கிறவர்கள் வெயிலில் வெடித்தது என்பார்கள். அந்த டயருக்குள் பல மாதமாகக் காற்று குறைந்தே இருந்ததை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

இதில் ஒரு கண்கட்டும் இருக்கிறது. 32 இருக்கவேண்டிய டயரில் காலையில் 24தான் இருக்கிறது என்று வைப்போம். அது அதிகமாகச் சூடேறி உள்ளே 80 டிகிரிக்கு வந்துவிட்டால் மீட்டர் 31 காட்டும். நண்பகலில் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்க்கிற ஓட்டுநர் ‘சரியாத்தான் இருக்கு’ என்று திருப்தியோடு போவார். சூடே பற்றாக்குறையை மூடி மறைத்துவிடுகிறது. அதனால்தான் காலையில் பார்க்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் கொடுமையான விலை கொடுத்துப் படித்தது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய காரில் மாட்டியவை. ஓடும்போது டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் குறை கண்டுபிடிக்கப்பட்டது; காற்றழுத்தமும் விசாரணைக்கு வந்தது. கார் நிறுவனம் 26 போதும் என்று சொல்லியிருந்தது, டயர் நிறுவனம் 30 என்றது. விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். அந்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பருக்குப் பின் வரும் ஒவ்வொரு புதுக் காரிலும் டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது. இன்று நம் ஊர்க் கார்களிலும் அந்த மஞ்சள் விளக்கு வரத்தொடங்கிவிட்டது. ஆனால் அதையே முழுதாக நம்பி இருந்துவிடக்கூடாது. அமெரிக்க விதிப்படி கால் பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும். அதாவது 32 இருக்கவேண்டியது 24க்கு வந்த பிறகு.

காற்று ஏன் இத்தனை முக்கியம்? கார் டயர் ஒன்றில் இருக்கும் காற்றை நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 100 கிராம் வரும். நான்கிலும் சேர்த்து அரைக் கிலோகூட இல்லை. அதுதான் ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வண்டியைத் தாங்குகிறது. எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் அழகான சங்கதி. வண்டி ஏதோ காற்று மெத்தைமேல் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் காற்று இரும்பு வளையத்தை மேலும் கீழும் பக்கமும் ஒரே அளவில்தான் தள்ளுகிறது. அதனால் மட்டும் வண்டி உயராது. காற்று செய்யும் வேலை, டயருக்குள் ஓடும் இழைகளை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. வளையத்தை எல்லாப் பக்கமும் இழைகள் இழுத்துக்கொண்டிருக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் சுவர் புடைத்துவிடுவதால் கீழ்நோக்கிய இழுப்பு மட்டும் தளர்கிறது. மேல்பக்கத்து இழைகளின் இழுப்பு மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சத்தில் வண்டி தொங்குகிறது. நன்றாக இழுத்துக் கட்டிய கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கயிறு தொய்ந்தால் கட்டில் குழியாகும், காற்று குறைந்தால் டயர் சப்பையாகும்.

அந்த டயர் தரையைத் தொடுகிற இடமோ ஒரு கை அகலம்தான். ஒரு சக்கரத்தில் 300 கிலோ, காற்றழுத்தம் 32 என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 133 சதுர சென்டிமீட்டர். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாம் அப்படி நான்கு கை அகலத்தில் நடக்கிறது. காற்று குறைந்தால் அந்த இடம் பெரிதாகுமே, பிடிப்பு கூடுமே என்று தோன்றலாம். இடம் பெரிதாகும்தான், ஆனால் நடுப்பகுதி தளர்ந்து இரண்டு ஓரங்களும் சுமக்கும். ஓரம் மட்டும் தேய்ந்த டயரைப் பார்த்தால் காற்று குறைவாக ஓடியது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக ஓடியது என்று பஞ்சர் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஆனால் குறைவாக வைப்பதே சரியாகிற இடமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. கரிசல் காடு. மழை விழுந்த கரிசலில் லாரி இறங்கினால் அன்றைக்கு எழும்பாது. அதன் டயரில் 100க்கு மேல் அழுத்தம். அந்த அழுத்தத்தோடுதான் அது மண்ணையும் அமுக்குகிறது. டிராக்டரின் பின் சக்கரத்தில் 12 முதல் 15 வரைதான் வைப்பார்கள். அதே கரிசலை அது அகலமாக, மெத்தென்று மிதித்துப் போகும். டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவதும் உண்டு. டயர் மண்ணை எவ்வளவு அமுக்குகிறது என்பதை அதற்குள் இருக்கும் காற்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. டிராக்டர் காட்டில் மெதுவாகப் போவதால் குறைந்த காற்றுக்கு ஏற்ற சூடு ஏறுவதில்லை. நெடுஞ்சாலையில் பறக்கும் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தை மாட்டு வண்டியிலேயே கண்டவர்கள். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி பாதையை வெட்டிக்கொண்டு போகும். டயர் வண்டி வந்தபோது அதே மாடுகள் கூடுதல் பாரத்தை லேசாக இழுத்தன. காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இல், அப்போது அவருக்கு வயது 23. உலகம் அதை மறந்தே போனது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். இரண்டு வருடம் கழித்துத்தான் தாம்சன் முந்திவிட்ட செய்தி அவருக்குத் தெரியவந்தது.

யாரும் இறக்காமலே காற்று குறையுமா என்றால், குறையும். ரப்பர் காற்றை முழுதாக அடைத்துவைப்பதில்லை. திருவிழாவில் வாங்கிய பலூன் மறுநாள் சுருங்கிக் கிடக்கிறதே, முடிச்சு அவிழவா செய்தது? மூலக்கூறுகள் ரப்பர் வழியாகவே நழுவிப் போகின்றன. பலூன் என்றதும் ஒரு நினைவு: 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கியதுதான், 1952இல் டயருக்கு மேல்பட்டை ரப்பர் செய்து, 1961இல் டயர்த் தொழிற்சாலையாகி, இன்று எம்.ஆர்.எஃப். என்று நாம் அறிகிற நிறுவனம். பலூன் ரப்பரைவிடப் பல மடங்கு காற்றுப் புகாத பியூட்டைல் ரப்பர் 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய டியூப்பும், டியூப் இல்லாத டயரின் உள்பூச்சும் அதனால் ஆனவை. அப்படியும் நல்ல டயரிலேயே மாதம் ஒன்று, இரண்டு குறையும். ஆறு மாதம் பார்க்காவிட்டால் 32 வைத்தது 24 பக்கம் வந்து நிற்கும்.

நைட்ரஜன் அடித்தால் சூடே ஏறாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமோந்தோனின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. அந்த அளவுக்கு நல்லது. காசு கொடுத்து நைட்ரஜன் அடித்துவிட்டு ஆறு மாதம் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை மாதம் இரண்டு முறை பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் இதில் பங்கு உண்டு. தேங்கிய நீர்மேல் வேகமாகப் போகும்போது டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதந்துவிடும்; ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் அப்போது வேலை இல்லை. எந்த வேகத்தில் மிதக்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960களில் நாசாவில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து கண்டார்கள். அந்தச் சூத்திரப்படி 32 இருந்தால் மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில், 20 இருந்தால் 75 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதக்கும். கார் டயரின் பள்ளங்கள், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து இதை மாற்றும் என்றாலும் காற்று குறைந்தால் ஆபத்து முந்தி வரும் என்பது மாறாது.

பெட்ரோல் செலவைப் பலர் முதலில் கேட்பார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சராசரியாக 0.2 சதவீதம் போகும். எட்டு குறைந்தாலும் இரண்டு சதவீதத்துக்குள்தான். உயிரோடு ஒப்பிட அது பெரிய தொகை இல்லை.

உங்கள் காருக்கான எண் எது என்று டயரின் பக்கச் சுவரில் தேடாதீர்கள், அங்கே இருப்பது உச்ச அளவு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இருக்கும். அதில் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, ஆள் நிறைந்த வண்டிக்கு வேறொன்று என்று எழுதியிருப்பார்கள். ஆடித் தபசுக்கோ குற்றால சீசனுக்கோ வீட்டோடு கிளம்பும்போது வைக்கவேண்டியது அந்த ஆள் நிறைந்த எண். குறைந்தது மூன்று மணி நேரம் வண்டி நின்ற பிறகு அளக்கவேண்டும். கடை தூரம் என்றால் வீட்டிலேயே ஒரு சிறிய மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வழியில் சூடான டயரைப் பார்க்க நேர்ந்து, எண் கூடுதலாகக் காட்டினால் அப்படியே விடுங்கள். சூட்டிலும் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே காட்டினால் உடனே அடியுங்கள், நிச்சயமாகக் காற்று குறைவாக இருக்கிறது. காற்றுப் பிடித்ததும் வால்வு மூடியை மறக்காமல் போடுங்கள். மண்ணும் தூசியும் உள்ளே போய் வால்வு கசியாமல் காப்பது அந்தச் சிறு மூடிதான்.

இன்னும் ஒன்று. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் இரண்டு சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் பெயரைத்தான் மேலநீலிதநல்லூர்ப் பஞ்சர் கடையில் இன்றும் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். மற்ற நான்கைப் பார்ப்பவர்களும் அதைப் பார்ப்பதில்லை. நாளைக் காலை வண்டியை நகர்த்துவதற்கு முன் டிக்கியைத் திறந்து அதிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.